பக்கவாதம்: மணியைப் பாருங்கள், உடனே புறப்படுங்கள்



திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, ஒரு பக்கத்துக் கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? "காத்து அடிச்சிருச்சு, புறா ரத்தம் தேய்ச்சா சரியாயிடும்" என்கிறோம். இது காற்றுமல்ல, கருப்புமல்ல. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம் அல்லது வெடித்திருக்கலாம். இதுதான் பக்கவாதம்.

மூளைக்கு எவ்வளவு ரத்தம் தேவை? 1940-களில் அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் என்ற இரு விஞ்ஞானிகள் இதை அளந்தார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓடுகிறது.

அது குறைந்தால் மூளை உடனே செத்துவிடுமா? 1970-களில் லண்டனில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளில் சோதித்தார்கள். ரத்தம் ஓரளவு குறைந்ததும் மூளை வேலையை நிறுத்துகிறது. ஆனால் உயிர் இருக்கிறது. இன்னும் குறைந்தால்தான் சாகிறது. வாடின பயிருக்கும் கருகின பயிருக்கும் உள்ள வித்தியாசம்தான். வாடின பயிருக்குத் தண்ணி பாய்ச்சினால் தழைக்கும். ஆனால் காலத்தில் பாய்ச்சணும்!

எந்தப் பகுதி வாடியிருக்கிறது, எது கருகிவிட்டது என்பதை இன்று ஸ்கேன் படத்திலேயே பார்க்கலாம். அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, 6 முதல் 16 மணி நேரத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி ரத்தக் கட்டியை எடுத்தார்கள். அமெரிக்காவில் நடந்த இந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. கட்டியை எடுத்தவர்களில் 100-க்கு 45 பேர், 3 மாதத்தில் தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 பேர்தான்.

"16 மணி நேரம் இருக்கே" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்! அது சிலருக்கே பொருந்தும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும், ரத்தக் கசிவு இல்லையென்று ஸ்கேனில் பார்த்த பிறகே போடுவார்கள்.

ஆகவே என்ன செய்யணும்? நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். 108-க்குப் போன் செய்து, "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே போகணும். தண்ணீரோ, காப்பியோ, மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும். கை கால் தானாகச் சரியாகிவிட்டாலும், போகத்தான் வேண்டும். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இன்னொன்று. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தாமாக நிறுத்தக் கூடாது. பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் ரத்தக் கொதிப்புதான். புகை பிடிப்பவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

இன்று கேட்டதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது அவர்களாகவும் இருக்கலாம்.