தடியடி தாங்கி மீட்ட காசு



முதலாளி கட்டிய பி.எஃப். பங்கை 58 வயதுக்கு முன் தொடக்கூடாதென்று 2016-இல் உத்தரவு வந்தது. ஏப்ரலில் இதே பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். இரண்டாம் நாளே மத்திய சர்க்கார் வாபஸ் வாங்கியது. தடியடி தாங்கி மீட்ட காசு அது!

இன்று அந்தக் காசைத் தேடித் திருடன் போனில் வருகிறான். “போலீஸ் பேசுகிறோம், உன்மேல் கேஸ், வீடியோவை அணைக்காதே” என்கிறான். ரயில்வே கவுண்டரில் உட்காரும் எங்களுக்கே அந்தக் குரல் கேட்டுக் கை நடுங்கியது. “டிஜிட்டல் கைது” எந்தச் சட்டத்திலும் இல்லை.

இன்னொரு கண்ணி: “உன் பேங்க் கணக்கை வாடகைக்குக் கொடு” என்பது. கொள்ளைப் பணம் அதன் வழியே ஓடும்; தலைவன் தப்புவான், பாஸ்புக்காரன் மாட்டுவான்.

2000-இல் சட்டம் வந்தது. 2001-இல் பெங்களூரில் சைபர் போலீஸ் நிலையம் வந்தது. இன்று 1930 என்ற எண் இருக்கிறது. உடனே கூப்பிட்டால் பணம் போன கணக்கை முடக்க வழியுண்டு. தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

சர்க்காரை நாம் கேட்பது ஒன்றே: கணக்கை விற்ற ஏழையோடு நிற்காதே, வாங்கியவனைப் பிடி!

ஏமாந்தது வெட்கமல்ல. எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். ஸ்டேஷனுக்கு நாங்கள் கூடவே வருகிறோம்.