மூலையில் இருப்பது யார் பேர்?

(மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடியில், ஓவியம் படிக்கும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

'சமகால ஓவியமும் புதிதாக வருகிறவர்களும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஓவியன் இல்லை. தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. பகலெல்லாம் அடுத்தவன் பணத்தை எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். 'உனக்கு இதுல இன்னாப்பா அருகதை?' என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் என்னிடம் இருக்கிறது. சின்ன வயசில் என் சித்தப்பாவுக்குப் பெயின்ட் டப்பா பிடித்தவன் நான்.

சித்தப்பா போர்டு எழுதுகிறவர். மயிலாப்பூர் மாடவீதிகளில் துணிக்கடை, பாத்திரக்கடை, காபித்தூள் கடை என்று அவர் கை படாத போர்டு குறைச்சல். சுண்ணாம்புப்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவார். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை ஆளுயரத்துக்குப் பெருக்கி மூஞ்சியைக் கொண்டுவருவார். இதெல்லாம் கல்லூரியில் சொல்லித்தருகிற விஷயம்தான். அவர் படித்தது ஏழாவது வரை. ஆனால் எந்த போர்டிலும் அவர் பேர் இருக்காது. மூலையில் அவர் வேலை பார்த்த பட்டறை முதலாளியின் 'ஆர்ட்ஸ்' பேர்தான் இருக்கும். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. பட்டறையை மூடினார்கள். சித்தப்பா அடையாற்றில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனார். அந்தக் குடியிருப்பில் ஒருவர் வீட்டுச் சுவரில் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஓவியம் மாட்டியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது என் சித்தப்பாதான்.

யாரைக் கலைஞன் என்கிறோம், யாரைக் கூலி என்கிறோம்? இன்றைக்கு நான் பேசப்போவது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைக்கு எழும்பூர்ப் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. கைவேலையும் தொழிலும் கற்றுத்தரத்தான் அந்தப் பள்ளி வந்தது. பின்னால் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். 1959இல் மெரினாவில் நிறுத்திய உழைப்பாளர் சிலை அவர் செய்தது. நாலு பேர் சேர்ந்து பாறையைப் புரட்டுகிறார்கள். அந்த முதுகும் தொடையும் யாருடையவை? நம் அப்பன் பாட்டனுடையவை என்று பார்த்த உடனே தெரிகிறது. உழைக்கிற உடம்பு கலைக்கு 'விஷயமாக' எப்போதோ உள்ளே வந்துவிட்டது. உழைக்கிற உடம்பின் கை, உளியைப் பிடிக்கிற கையாக உள்ளே வர எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் நம்முடைய கேள்வி.

அடுத்து முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கினார். அவருடைய அந்தக் கால ஓவியங்களில் எழுத்தும் எண்ணும் ஜாதகக் கட்டமும் மாதிரியான குறியீடுகள் நிறைந்திருக்கும். இந்திய மரபு, தென்னாட்டு மரபு என்று பேசினார்கள். அந்த மரபுக்குள் சேரி எங்கே இருந்தது என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் திட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஓவியம் விற்காத காலத்தில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து கூட்டாக விற்றார்கள். அந்தக் காசில் கூட்டாக நிலம் வாங்கினார்கள். சோற்றுக்கு ஒரு வேலை, ஓவியத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டதால் வாங்குகிறவனுக்காக ஓவியத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. சிற்றிதழ்களுக்குக் கறுப்பு மையில் கோட்டோவியம் போட்டுக் கொடுத்த ஆதிமூலத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காசில்லாத பத்திரிகைக்கு ஏற்ற ஓவியம் கோடுதான். இல்லாமையிலிருந்தும் ஒரு அழகியல் பிறக்கும். அது நமக்குப் புதுசா என்ன?

இப்போது நம் பக்கம் வருவோம்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் நீலம் பண்பாட்டு மையத்தின் 'வானம்' கலைத் திருவிழா நடந்தது. எங்கே? மயிலாப்பூரில். மார்கழியில். சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது நாலு தெரு தள்ளிப் பறை அடித்தார்கள், ஓவியம் வைத்தார்கள். இதே மயிலாப்பூரை ஒட்டிய இராயப்பேட்டையிலிருந்துதான் 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். நாம் இந்தப் பேட்டைக்கு விருந்தாளியாக வந்தவர்கள் இல்லை.

நீலத்தைத் தொடங்கிய பா. இரஞ்சித் அந்தக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2014இல் வந்த அவருடைய 'மெட்ராஸ்' படமே ஒரு சுவரைப் பற்றியதுதான்: சுவரில் யார் படம் வரைவது என்பதற்காக உயிர் போகிறது. மதுரைக்காரர் பழனிகுமார், மலக்குழி மரணங்களைக் கேமராவோடு பின்தொடர்ந்தவர், 2019இல் 'நானும் ஒரு குழந்தை' என்று கண்காட்சி வைத்தார். செத்தவனுடைய படத்தோடு நிற்காமல் அவன் பெற்ற பிள்ளைகளின் முகத்தைக் காட்டினார். நாக்பூரின் சவி சாவர்க்கர் கழுத்தில் கலயமும் முதுகுக்குப் பின்னால் துடைப்பமும் கட்டிய மனிதர்களை வரைந்தார். பீகாரின் மால்விகா ராஜ் மதுபானிப் பாணியை எடுத்து அதில் புத்தரையும் அம்பேத்கரையும் கொண்டுவந்தார். ராமனும் சீதையும் இருந்த இடம் அது. வடிவம் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

இனி ஒரு சங்கடமான விஷயம்.

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தார்கள். வெளிநாட்டு ஓவியர்களும் வந்தார்கள். கண்ணகி நகர் எப்படி உண்டானது என்று உங்களுக்குத் தெரியும். 2000லிருந்து நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாயோரமும் இருந்த நம் சனங்களைப் பிடுங்கிக்கொண்டுபோய் நட்ட இடம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மாடியிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் அது.

என் அத்தை கண்ணகி நகரில் இருக்கிறார். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்ய அங்கிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறார். அந்தப் படங்களைப் பார்க்கப் போனபோது நான் கவிதை எழுதுகிற ஆளாச்சே, 'அத்தை, தண்ணி இல்லாத வூட்டுக்கு இன்னாத்துக்குப் படம்? இது நம்பள ஏமாத்துற வேலை' என்றேன். அத்தை ஒரு பார்வை பார்த்தார். 'ஏண்டா, எங்க வூடு அழகா இருக்கக் கூடாதா? அந்தப் பொம்பள மூஞ்சி என்ன மாதிரியே கீது, பாத்தியா? தண்ணியும் வேணும், இதுவும் வேணும். ஆனா வரையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்களாண்ட கேட்டிருக்கலாம்ல' என்றார்.

எனக்கு வாய் அடைத்துப்போனது. அழகு நமக்கு ஆடம்பரம் என்று நம்மை நம்பவைத்தவனும் ஆதிக்க சாதிக்காரன்தான். நானும் அதையே அவரிடம் ஒப்பித்திருக்கிறேன். அத்தை சொன்னதில் இரண்டு நியாயம் இருக்கிறது. ஒன்று, அழகு உரிமை. இரண்டு, யாருடைய சுவர் என்று கேட்காமல் வருகிற அழகு அரைகுறை. வரையப் போகிற நீங்கள் இந்த இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டம் தொடங்கும் முன்னால் ஒரு மாணவி என்னிடம் சொன்னார்: 'அண்ணா, ஒரு கேலரிக்குப் படம் எடுத்துட்டுப் போனேன். நல்லாருக்கு, ஆனா இதுல உங்க வலி தெரியலையேன்னு சொல்லிட்டாங்க.' அந்தப் பெண் வரைந்திருந்தது மதிய வெயிலில் காய்கிற சேலைகள். தோழர்களே, முன்னாடி நம் வலியைப் பார்க்க மறுத்தார்கள். இப்போது வலியை மட்டும் பார்க்க விரும்புகிறார்கள். இரண்டும் ஒரே சாதிக் கண்தான். தலித் என்கிற அடையாளத்தை நாம் எடுத்துக்கொண்டது நிமிர்ந்து நிற்பதற்கு. 'பறையை வரை, மலக்குழியை வரை, மத்ததெல்லாம் எங்களுக்கு' என்று அவன் பாகம் பிரிப்பதற்கு அல்ல. சேலை வரையுங்கள். மாம்பழம் வரையுங்கள். உருவமே இல்லாமல் வெறும் நீலத்தை அப்புங்கள். பறையை வரையத் தோன்றினால் அதையும் வரையுங்கள், உங்களுக்காக.

இனி ஒரு குமாஸ்தா சொல்லக்கூடிய சில விஷயங்கள்.

வேலைக்குப் போவதற்கு வெட்கப்படாதீர்கள். சம்பளம் வருகிற கவிஞன் போலிக் கவிஞன் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டன் சொத்து இருக்கிறவன் அப்படிப் பேசலாம். மாதம் முதல் தேதி வருகிற காசுதான் என்னை யாரிடமும் கைகட்டி நிற்காமல் வைத்திருக்கிறது.

கேலரியில் படம் வைத்தால் எழுதி வாங்குங்கள். விற்ற விலையில் பாதி வரைகூடக் கமிஷன் கேட்பார்கள். எவ்வளவு கமிஷன், விற்று எத்தனை நாளில் பணம், சட்டம் போடுவதும் வண்டிக்கூலியும் யார் செலவு, விற்காவிட்டால் எப்போது திருப்பித் தருவார்கள் - எல்லாம் தாளில் இருக்கட்டும். கொடுத்த படங்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பத்து ரூபாய் கட்டினாலே சலானில் சீல் வாங்கிக்கொண்டு போகிறீர்கள். படத்துக்கு வேண்டாமா?

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்துவையுங்கள். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் சொன்னவர்தான் என்கிறது 17ஆம் பிரிவு. ஆகவே வேலை எடுக்கும்போதே பேசுங்கள். நீங்களாக வரைந்ததை விற்றால் கான்வாஸ் போகும், பதிப்புரிமை போகாது. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை வருஷத்துக்கு என்று அந்தத் தாளில் இல்லாவிட்டால் 5 வருஷம்தான். உரிமையை விற்ற பிறகும், 'இது நான் வரைந்தது' என்று சொல்லவும், உங்கள் மானம் கெடும்படி சிதைத்தால் எதிர்க்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்து எறிந்த அரசாங்கத்தின்மேல் அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு 2005இல் ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். சட்டத்தில் இருப்பது தானாகக் கைக்கு வராது. அதற்குத்தான் தனித்தனியாக நிற்காமல் கூட்டாக நில்லுங்கள் என்கிறோம்.

தனியார் கேலரிதான் வாசல் என்று நினைக்காதீர்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடக்கிற இடம், உள்ளே போய்ப் பாருங்கள், கேளுங்கள். ஆனால் முதல் கண்காட்சியை உங்கள் தெருவில் வையுங்கள். கொடி கட்டி, கிளிப் மாட்டி. கால் அழுக்காக இருக்குமோ என்று பயந்து நம் அம்மாக்கள் கேலரி வாசல் ஏறுவதில்லை.

யாரை வரைகிறீர்களோ, யாரைப் படம் எடுக்கிறீர்களோ, அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். செய்த பிறகு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நம் சனங்களின் படம் உலகமெல்லாம் சுற்றுகிறது. அவர்கள் வீட்டில் ஒரு படம் இருக்காது.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. நீங்கள் ராத்திரி உட்கார்ந்து வரையும்போது உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்? அந்தக் கையிலும் ஒரு ஓவியர் இருக்கலாம். முறை வைத்துத் தேய்த்துவிட்டு வந்து வரையுங்கள்.

கடைசியாக, பேர். படத்துக்குப் பின்னால் உங்கள் பேர், தேதி, அளவு, எதில் வரைந்தது என்று எழுதுங்கள். ஒரு நோட்டில் ஏற்றுங்கள். சித்தப்பாவின் வேலை ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. முப்பது வருஷக் கைவேலைக்குச் சாட்சி நான் மட்டும்தான்.

ஒரு போர்டு பாக்கியில்லை என்றேன், ஆனால் ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் குடியிருப்பு வாசலில் வருஷா வருஷம் ஏப்ரல் 14க்குள் அண்ணல் அம்பேத்கர் படத்தைப் புதுசாக வரைவார். கூலி வாங்கமாட்டார். இன்றும் வரைகிறார். அதிலும் பேர் இருக்காது. போன வருஷம் கேட்டேன்: 'சித்தப்பா, பட்டறை போர்டுல முதலாளி போட விடல, சரி. இங்க யாரு தடுத்தா? கீழ மூலையில உன் பேரைப் போடேன்.'

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: 'இது தெருவோட செவுருடா. என் பேரப் போட்டா என்னுதாப் பூடும்.'

பேர் போடுங்கள் என்று உங்களுக்கு இப்போதுதான் சொன்னேன். அவர் இப்படிச் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சண்டை இல்லை. பட்டறையில் அவர் பேரை வேறொருவன் எடுத்துக்கொண்டான். தெருவில் அவராக விட்டுக்கொடுத்தார். எடுத்துக்கொள்கிறவனிடம் பேர் போட்டுச் சண்டை போடுங்கள். கொடுக்கிற இடத்தில் கொடுங்கள். எது எந்த இடம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் முக்கியம்.

சித்தப்பாவுக்கு இப்போது முட்டி வலி. ஏணி ஏற முடியவில்லை. இந்த ஏப்ரலுக்குச் சுவர் தயாராக வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டி, ஒரு கோட்டு வெள்ளை அடிக்க ஆள் வேண்டும். கட்டம் போட அவர் சொல்லித்தருவார். ஏணி எங்களிடம் இருக்கிறது. வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.