ஒரு கேமரா, இரண்டு கால்

முப்பரிமாணப் படம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, தியேட்டரில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்கை நோக்கிப் பாயும் ஈட்டிக்குத் தலையைச் சாய்த்ததுதான். 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது திருவிழா வேடிக்கை. ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரண்டு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துப் பார்க்கும் இரட்டைப் படத்தின் சுகம் வேறு. படம் நம்மிடம் பாய்ந்து வர வேண்டாம்; நாம் படத்துக்குள்ளே போக வேண்டும்.

தத்துவம் நீங்கள் அறிந்ததே. நம் கண்களுக்கு நடுவே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. இடது கண் பார்ப்பது ஒன்று, வலது கண் பார்ப்பது ஒன்று. மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் காண்கிறது. 1838-இல் ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இதைக் காட்டியபோது அவர் கையில் இருந்தவை வெறும் கோட்டுப் படங்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த வருஷம்தான். பிறகு இரட்டைப் படம் வேகமாகப் பரவியது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து இரட்டைப் படங்களை 1858-இலேயே தொகுத்துவிட்டார்.

இன்று இப்படி எடுக்கும் ஆசை வந்தால் தலையில் மாட்டும் கருவி வாங்கு, இரட்டை லென்ஸ் கேமரா வாங்கு என்கிறார்கள். ஒன்றும் வாங்காதீர்கள். ஒரு கேமரா, இரண்டு கால். அவ்வளவுதான். பொழுதுபோக்காளர்கள் இதைச் 'சா-சா' என்பார்கள், நடனத்தின் பெயரால். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு ஒரு படம். வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். கேமரா பக்கவாட்டில் நகர வேண்டும், திரும்பக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: நகரலாம், திரும்பக் கூடாது.

எவ்வளவு நகர்வது? பொருள் இருக்கும் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. மிக அருகே உள்ள பொருள் இரண்டு மீட்டரில் இருந்தால் ஆறு ஏழு சென்டிமீட்டர். முப்பது அடியில் இருந்தால் ஒரு அடி. முன்னால் எதுவும் இல்லாத தூரத்து மலையா? பல அடி நடந்துபோய் இரண்டாவது படத்தை எடுங்கள்; மலையின் மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து நிற்கும். வானியலாளர் வாரன் டி லா ரூ நிலவையே இப்படிப் பிடித்தார். பூமியில் நடந்து அல்ல; நிலவு தன் முகத்தைச் சற்றே அசைத்துக் காட்டும் இரு வேறு நாட்களில் படமெடுத்து!

ஒரு கோயில் மண்டபத்தில் நான் இப்படிக் கால் மாற்றிக்கொண்டிருந்தபோது காவலாளி கேட்டார்: "ஏன் சார், ஒரே படத்தை ரெண்டு தடவை எடுக்கறீங்க?" இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, "அட, அந்த ரெண்டு தூணுக்கும் நடுவுலதான் சார் நான் நாற்காலி போடுவேன்" என்றார். ஒற்றைப் படத்தில் தூண்கள் ஒட்டிக்கொண்டுதான் தெரிந்தன. இடைவெளியைக் கண்டுகொண்டாரே, அந்த ரசனைக்குத்தான் இந்தக் கலை.

பார்க்கவும் கருவி வேண்டாம். ஒவ்வொரு படமும் ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்கு மிகாமல், இடது படம் இடப்பக்கம் இருக்கட்டும். படத்தை ஊடுருவித் தூரத்தைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர்த்துங்கள். மூன்று படம் தெரியும். நடுவில் உள்ளதில் ஆழம் திறக்கும். கண் வலித்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு கண்ணில் பார்வை குன்றியவர்களுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் இது கைகூடாமல் போகலாம், அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

காற்றில் ஆடும் தென்னை, ஓடும் குழந்தை, கடல் அலை இவையெல்லாம் இம்முறைக்கு ஆகாது. திண்ணை, கிணற்றடி, அடுக்கிய பாத்திரம், வேர்விட்ட ஆலமரம் ஆகும். இன்று சாயங்காலமே ஒன்றை எடுத்துப் பாருங்கள். நகருங்கள், திரும்பாதீர்கள்.