எழுதுகோலும் விசைப்பலகையும்



செம்மங்குப்பத்துக் கவிஞர் ஒருவர், 1990களில், தம் கவிதையைக் கணிப்பொறியில் தட்டெழுதி, வட்டில் பதிந்து, சிதம்பரத்து அச்சகம் ஒன்றிற்கு அனுப்பினார் எனக் கொள்க. அங்கே அது உருத்தெரியாத குறிகளாகத் திறந்திருக்கக்கூடும். குறை கவிதையில் இல்லை. எழுத்துரு ஒவ்வொன்றும் அகரத்திற்கு வெவ்வேறு எண் தந்திருந்தது. ஒரே எழுத்துரு இருபுறமும் இருந்தாலன்றித் தமிழ் தமிழாகத் தோன்றவில்லை.

தட்டச்சுப் பலகையும் எழுத்தாளரைத் தடுத்தது. 'கொ' என எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் எனத் தட்ட வேண்டும். இது இயந்திரத்தின் வரிசை. மொழியின் வரிசை அன்று. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ்99' விசைப்பலகை அந்நெறிக்கே திரும்பியது. ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் 'கொ' பிறக்கும். அ, ம, ம, ஆ என நான்கு தட்டில் 'அம்மா' வரும். புள்ளியைக் கணிப்பொறியே இட்டுக்கொள்ளும். நெடுங்கணக்கு அறிந்தவர் பாதி கற்றவராகிறார்.

எளிமை மட்டும் போதுமா? பொருள் கைக்கு எட்டவும் வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை விலையின்றி வழங்கினார். பின்னர் வந்த 'எ-கலப்பை'யும் இலவசமே. கவிதை எழுதிப் பொருளீட்டாதவர் மென்பொருளுக்குப் பொருள் செலவிடத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை விளம்பரம் போக்கவில்லை, கொடையே போக்கியது.

எழுத்துருக் குழப்பத்திற்கு ஒருங்குறி விடை தந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இன்று விண்டோசிலும் ஐபோனிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது.

ஆயினும், அது தம் கைப்பேசியிலேயே இருப்பதை அறியாத கவிஞர் உளர். கருவி வந்துவிட்டது, கற்பிப்பார் வரவில்லை. கடைக்காரர் விற்கலாம், பக்கத்தில் அமர்ந்து விரல் பிடித்துப் பழக்க மாட்டார். அது இலக்கிய வட்டத்தின் பணி.

இன்னொரு பணி இதனினும் அவசரமானது. பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கவிதைகள் வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. வட்டுகளோ நாளுக்கு நாள் நைந்து வருகின்றன. ஓலையைச் செல்லரிக்க விட்டதற்காக முன்னோரை நொந்துகொள்ளும் தலைமுறை, தன் வட்டுகளைக் காக்க வேண்டாமா?

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டம் கவியரங்கமாக மட்டும் அமைய வேண்டியதில்லை. உறுப்பினர் தத்தம் கைப்பேசியோடும் பழைய வட்டுகளோடும் வரட்டும். இளையோர் கற்பிக்க, மூத்தோர் தட்டட்டும். அன்று செம்மங்குப்பத்தில் பிறக்கும் கவிதை, சிதம்பரத்திலும் சிங்கப்பூரிலும் எழுத்துச் சிதையாமல் சென்று சேரட்டும்.