இடைமுகம் என்னும் உடன்படிக்கை

(மாங்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘இடைமுகம்’ என்னும் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றேன். இடைமுகம் என்பது யாது? ‘இன்ன வேலையைச் செய்து தருவேன்’ என்னும் உறுதிமொழி. எவ்வாறு செய்வது என்பதை அவ்வுறுதியை ஏற்கும் ‘வகுப்பு’ எழுதிக்கொள்ளும்.

இதன் தேவையை நாம் பட்டே அறிந்திருக்கின்றோம். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின, குறியீடுகளோ ஆளுக்கொன்று! பாமினியில் அடித்த மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்க் கிடந்தது. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியபின், அரசு தமிழ்99 விசைப்பலகையையும் தாம், தாப் என்னும் குறியீடுகளையும் ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் பல பழைய குறியீடுகளிலேயே உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற நிரல் வேண்டும்.

இடைமுகம் அறியாதவன், ‘பாமினியானால் இப்படி, திசுக்கியானால் அப்படி’ என்று முதன்மை நிரலுக்குள்ளேயே அடுக்குவான். புதுக் குறியீடு வரும்போதெல்லாம் முழு நிரலையும் கிளறுவான். ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடும்.

அறிந்தவன் ‘எழுத்துமாற்றி’ என்றோர் இடைமுகம் வகுப்பான். அதில் ‘மாற்று’ என்னும் ஒரே செயல்: பழைய உரையைப் பெற்று ஒருங்குறி உரையைத் தருக. பாமினிக்கு ஒன்று, திசுக்கிக்கு ஒன்று, தாப் குறியீட்டிற்கு ஒன்று என மூன்று வகுப்புகள் அவ்வுறுதியை ஏற்கும். எக்கோப்புக்கு எவ்வகுப்பு எனத் தேர்வதற்கு ஓரிடம் போதும். முதன்மை நிரல் ‘மாற்று’ என்று ஏவும். எதிர்நிற்பது யாரென வினவாது. நான்காவது குறியீடு வந்தால் வகுப்பொன்று கூடும். முதன்மை நிரல் அசையாது!

யாவா மொழியில் ஒரு வகுப்புக்குத் தாய்வகுப்பு ஒன்றே. ஏற்கும் இடைமுகங்களோ பலவாகலாம். உறுதி ஏற்றுவிட்டுச் செயலை எழுதாத வகுப்பிலிருந்து பொருளொன்றை ஆக்கத் தொகுப்பி இடந்தராது.

ஆனால், ஓர் எச்சரிக்கை! தொகுப்பி செயலின் பெயரையும் தரவின் வகையையுமே பார்க்கும். ழகரத்தை ளகரமாக்கும் வகுப்பையும் அது மறுப்பின்றி ஏற்கும். ‘தமிழ்’, ‘தமிள்’ ஆகிவிடும். சொன்னபடி பெயர் இருக்கிறதா என்பதைப் பொறி காணும். சொன்னபடி வேலை நடக்கிறதா என்பதை மாந்தனே ஆய்ந்து காண வேண்டும்.

இளைஞர்களே! பழங்கோப்புகளை மீட்கும் பணி ஒருவரால் முடிவதன்று. முதலில் உடன்படிக்கையை எழுதுங்கள். பிறகு ஆளுக்கொரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக ஆய்ந்தபின் ஒன்றிணையுங்கள். உறங்கும் எழுத்துகள் எழட்டும்!