வீடு வாங்குகிறவன் பார்க்க வேண்டியது எது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தையெல்லாம் கொட்டி, போதாததற்குக் கடனும் வாங்கி, ஒரு வீட்டை விலைக்கு வாங்குகிறானே, அப்பொழுது அவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்காமல் விடுகிறான் என்பதைப் பற்றியேயாகும்.

கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறோம். மாட்டுக்குச் சுழி பார்க்கிறவன்கூடப் பல்லைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஆனால் பல லட்ச ரூபாய் கொடுத்து வீடு வாங்குகிறவனோ வாஸ்துக்காரனை அழைத்து வந்து, வாசல் எந்தத் திசை, அடுப்பங்கரை எந்த மூலை, தெருக்குத்து உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்றைக்கே அட்வான்சைக் கொடுத்துவிடுகிறான். சுவரைத் தட்டிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை!

மனையடி சாஸ்திரம் என்கிறார்களே, அதன் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். அறையின் அகலம் இத்தனை அடியானால் ராஜயோகமாம், ஓர் அடி கூடினால் தரித்திரமாம். இன்று நம் கொத்தனார் கையிலிருக்கும் அடிக்கோலின் அடி, வெள்ளைக்காரன் கொண்டுவந்த 12 அங்குல அடி. அவன் அடிக்கும் நம் சாஸ்திரத்துக்கும் என்ன உறவு? 10 அடியை மீட்டரில் அளந்தால் 3.048 என்று வருகிறது. மீட்டரில் அளந்தவுடன் யோகம் எங்கே ஓடிவிடும்? இன்னும் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வீடுகளுக்கு ஒரே திசையில் வாசல், ஒரே மூலையில் அடுப்பு. அப்படியிருந்தும் ஒரு வீட்டான் செழிக்கிறான், அதற்கு மேல்வீட்டான் கடன்படுகிறான். இதற்கு எந்த வாஸ்துக்காரன் பதில் சொல்லுவான்?

இதனால் விற்கிறவனுக்கும் நஷ்டந்தான். "தெற்குப் பார்த்த வாசல், யார் வாங்குவார்?" என்று தரகன் பயமுறுத்தி, நல்ல வீட்டைப் பாதி விலைக்குக் கேட்கிறான். பணமுடை உள்ளவன் என்ன செய்வான்? கொடுத்துவிட்டுப் போகிறான். வாங்கினவனோ ஓர் ஓமத்தை வளர்த்து, பரிகாரம் செய்தாயிற்று என்று சொல்லி, முழு விலைக்கு விற்றுக்கொள்கிறான். தோஷம் வீட்டிலா இருந்தது? நம் மூளையில் அல்லவா இருந்தது!

அப்படியானால் பார்க்க வேண்டியது எது? நல்ல நேரம் பார்த்துப் போகாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். தளம் ஒழுகுகிறதா, சுவரடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறதா என்பது அன்றுதான் தெரியும். மற்றச் சுவர்களெல்லாம் பழையதாயிருக்க ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வர்ணம் பூசியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு பெரிய காரியமல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் வெடிப்போ அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கூரைக் கான்கிரீட்டில் துருக்கறை கண்டால் உள்ளே கம்பி கெடுகிறது என்று பொருள். துருப்பிடித்த இரும்பு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கதவு நிலையைத் தட்டிப் பாருங்கள்; கரையான் தின்ற மரம் பொள்ளென்று ஒலிக்கும். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும் என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது அது வாசலின் திசையைக் கேட்டுக்கொண்டா புகுந்தது? மேட்டுக்கும் பள்ளத்துக்குந்தான் தண்ணீருக்கு வித்தியாசம் தெரியும்.

இவையெல்லாம் உங்களால் ஆகாவிட்டால் ஓர் என்ஜினீயரையோ, அனுபவமுள்ள கொத்தனாரையோ கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டுக் காய்த்த கைக்குத் தெரியாத வீட்டு விஷயம், பஞ்சாங்கம் புரட்டும் கைக்குத் தெரியுமா?

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, வாங்குகிறவன் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை, விற்கிறவன் தனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பாராமல் வாங்கினால் அது வாங்கினவன் தலையில்தான் விடியும். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வரும் புது வீடுகளிலோ, ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து அறிவித்தால், 30 நாளைக்குள் செலவின்றிச் சரிசெய்து கொடுப்பது கட்டினவன் பொறுப்பு. எந்தச் சட்டமாவது ஈசானிய மூலையைப் பற்றிப் பேசுகிறதா?

சுவரைப் பார்த்தால் மட்டும் போதாது, பத்திரத்தையும் பார்க்க வேண்டும். மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகலைக் காட்டினால், அசல் யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டாவும் வரி ரசீதும் யார் பேரில் என்று பாருங்கள். பூர்வீக வீடானால் அக்குடும்பத்துப் பெண்மக்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பதை அவசியம் பாருங்கள். 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சமசொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது சிரித்தவர்கள் உண்டு. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுவதிலும் சட்டமே வந்துவிட்டது. "பெண்தானே" என்று அவளை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கும்.

2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து, 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த ஏழைகள். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டிடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்து இடிக்க வேண்டியதாயிற்று. கட்டிடத்தைத் தாங்குவது அஸ்திவாரமும் தூணுமே தவிர, திசையும் திதியும் அல்ல என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

ஆகவே தோழர்களே, வாங்கும்போது சந்தேகப்படுங்கள், கேள்வி கேளுங்கள், தட்டிப் பாருங்கள். விற்கும்போது ஒழுகுகிற இடத்தை ஒழுகுகிறது என்று சொல்லி விற்பனை செய்யுங்கள். வர்ணத்தைப் பூசி மறைத்து இன்னொரு பாடுபட்டவன் தலையில் கட்டுவது பகுத்தறிவுமல்ல, யோக்கியதையுமல்ல. அடுத்தமுறை வாஸ்துக்காரனுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணத்தை என்ஜினீயருக்கும் வக்கீலுக்கும் கொடுத்துப் பாருங்கள். அதுவே நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது.