கிராங்க் வாங்குமுன் அளந்து பாருங்கள்

(கல்முனைப் பக்கம் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தம்பிமாரே, கூடுவதற்கு இடமும் குடிக்கத் தேத்தண்ணியும் தந்த கல்முனை நானாமாரே!

சங்கக்காரர் சைக்கிள் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் சிரிக்கிறீர்கள். 2022 ஜூன் கடைசியை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா. இரண்டு லீற்றர் அடித்தால் மிச்சம் 60 ரூபா. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால்தான். அன்று மூலையில் கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தன. மலையில் நாங்கள் ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு போகிறோம். இங்கே சமதரை. உங்களை வேலைக்குக் கொண்டுபோவது சைக்கிள்தான்.

நம் தம்பி ஒருவர் சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலையில் வேலை. கடற்காற்றில் துருப்பிடித்து அவருடைய பழைய சைக்கிளின் கிராங்க் ஆடத் தொடங்கியது. கியர் சைக்கிளில் கழற்றிய கிராங்க் ஒன்றை அச்சோடு வாங்கிப் பூட்டினார். அன்றிலிருந்து ஒரே சத்தம். ஒரு கடையில் செயின் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பிறகு பிரீவீலையும் மாற்றினார். சத்தம் போகவில்லை. காரைதீவுச் சந்தியில் எழும்பி மிதித்தபோது செயின் கழன்று விழுந்தார். கை வீங்கி மூன்று நாள் வேலை இல்லை; மூன்று நாள் சம்பளமும் இல்லை.

குற்றம் செயினிலும் இல்லை, பிரீவீலிலும் இல்லை. சாய்ந்தமருதில் ஒரு நானா சைக்கிளின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "முன் பல்லு வெளியே நிக்கிது தம்பி, செயின் கோணலா ஓடுது" என்றார். பிறகு அளந்து காட்டினார். அந்தக் கணக்கை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பக்கம்: சீற்றிலிருந்து இறங்கும் குழாயின் தடிப்பு 28 மில்லிமீற்றர், பாதி 14. குழாயின் வெளி ஓரத்திலிருந்து முன் சக்கரப் பல்லின் நடு வரை 34. கூட்டினால் 48.

பின்பக்கம்: பின் சில்லு பூட்டும் இரண்டு காதுகளுக்கும் உள்ளிடை 110, பாதி 55. வலது காதின் உட்புறத்திலிருந்து பிரீவீல் பல்லின் நடு வரை 13. கழித்தால் 42.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பொறுக்கும். ஆறு பொறுக்காது. கியர் சைக்கிளின் கிராங்க் பின்னால் பல பற்சக்கரம் இருக்கும் வண்டிக்குச் செய்தது; அதனால் வெளியே தள்ளி நிற்கிறது.

நானா புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. கிராங்க் கையின் வெளிப்புறத்தில் இருந்த பற்சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தில் பூட்டினார். 48 என்பது 43 ஆனது. கட்டை போல்ட் ஐந்து மட்டும் வாங்க வேண்டியிருந்தது. பூட்டிய பின் பற்சக்கரம் சட்டத்தில் உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்தார்.

உள்ளே பூட்ட இடமில்லாவிட்டால் அச்சை மாற்றலாம். இரண்டு பக்கமும் சமமான அச்சு என்றால் 4 மில்லிமீற்றர் கட்டையானது போட, பற்சக்கரம் 2 உள்ளே வரும். வெளியே தள்ள வேண்டுமானால் கையுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வாசர் வைக்கலாம். முன்னால் இரண்டு பற்சக்கரம் உள்ளவர்கள் அவற்றின் இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கூடினால் செயின் நடுவில் விழும். குறைந்தால் பெரிய சக்கரத்தில் உரசும். செயினின் தடிப்பையும் பாருங்கள். சாதாரண சைக்கிள் செயின் அரைக்கால் அங்குலம், கியர் சைக்கிள் செயின் அதிலும் மெல்லியது. தடித்த பல்லில் மெல்லிய செயின் உட்காராது.

தோழர்களே, கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நம் தாய்மார் கூடையை இறக்குவதில்லை. ஒரு கிலோ வெட்டினாலும் கேட்கிறார்கள். அந்தக் கண் கடை வாசலிலும் வேண்டும். "இதை மாற்று, அதை மாற்று" என்றால், "எத்தனை மில்லிமீற்றர் பிசகு?" என்று கேளுங்கள். அளந்து காட்டாத சாமானுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. விழுந்தால் துடைத்துக்கொண்டு பேசாமல் போகாதீர்கள். நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள், வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். எங்கள் தம்பி அன்று இதை அறிந்திருக்கவில்லை. அவருக்கு நாங்கள் முன்பே சொல்லவில்லை என்ற குறை எங்களுக்கு உண்டு. அதனால்தான் இன்று வந்தோம்.

கூட்டம் முடிந்ததும் சைக்கிள்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்துங்கள். அடிமட்டமும் நூலும் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொன்றாக அளப்போம்.